ஏழை வீட்டுப் பிள்ளையா, வசதியான வீட்டுப் பிள்ளையா: புகைப்பழக்க ஆய்வுக்கு எந்த அளவுகோல்?

சமூக மருத்துவம் படிப்பவர்கள், எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள், பள்ளிகளில் புகையிலைத் தடுப்பு வேலை செய்யும் சிறிய அமைப்புகள் என்று பலரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளைகளில் புகைப்பது யார், வசதி குறைந்த வீட்டினரா, வசதியான வீட்டினரா என்று பார்க்க வேண்டும். புகைப்பதைப் பற்றிக் கேட்பதில் சிக்கல் அதிகமில்லை. "கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் புகைத்தாய்?" என்ற கேள்வி கிட்டத்தட்ட எல்லா நாட்டுக் கணக்கெடுப்பிலும் இருக்கிறது. வசதியை எப்படிக் கேட்பது என்று வரும்போதுதான் தலை சுற்றுகிறது. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு, குடும்பத் தலைவரின் படிப்பு, வேலை, வருமானத்தை வைத்து மதிப்பெண் தரும் குப்புசாமி ஸ்கேலைப் போடச் சொல்கிறார். படித்த ஐரோப்பியக் கட்டுரையில் கார், படுக்கையறை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இன்னொரு கட்டுரை பாக்கெட் மணியை மட்டும் கேட்டு முடித்துவிட்டது. இதில் எதை எடுப்பது?

எதை எடுத்தாலும் சுமாராக ஒரே விடைதானே வரும் என்று நினைத்தால், நியூசிலாந்தைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு அங்கே பள்ளி மாணவர்களிடம் நாடு தழுவிய ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பெரும்பாலும் 14, 15 வயதுப் பிள்ளைகள். சமூகப் பொருளாதார நிலை தாழ்ந்த பிள்ளைகளிடம் புகைப்பழக்கம் அதிகமாக இருந்தது. அதே கணக்கெடுப்பில், பாக்கெட் மணி அதிகம் கிடைக்கும் பிள்ளைகளிடமும் புகைப்பழக்கம் அதிகமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் பாக்கெட் மணியை மட்டும் கேட்டு, அதைக் "குடும்ப வசதி" என்று பெயரிட்டிருந்தால், பணக்கார வீட்டுப் பிள்ளைகளே அதிகம் புகைக்கிறார்கள் என்று ஆய்வேடு முடிந்திருக்கும். மற்றதை மட்டும் எடுத்திருந்தால் நேரெதிர் முடிவு.

ஆகவே, அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது வினாத்தாளின் கடைசிப் பக்கத்து வேலை என்று தள்ளிவிட முடியாது. ஆய்வின் முடிவில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

## நாடு மாறினால் கோடும் மாறும்

அளவுகோல்களுக்குப் போகுமுன் ஒரு பின்னணி. 1994-இல் லோபஸ், காலிஷா, பிஹா என்ற மூவர், ஒரு நாட்டில் சிகரெட் பழக்கம் நான்கு கட்டங்களாகப் பரவுகிறது என்று ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். முதலில் வசதியான ஆண்கள் தொடங்குகிறார்கள். பிறகு எல்லா வகுப்பு ஆண்களுக்கும் பரவுகிறது, பெண்கள் பின்னால் வருகிறார்கள். கடைசியில் படித்தவர்களும் வசதியானவர்களும் விட்டுவிட, பழக்கம் ஏழைகளிடம் தங்கிப்போகிறது. வட, மேற்கு ஐரோப்பிய நாடுகளில் வசதி குறைந்த பிள்ளைகள் அதிகம் புகைப்பதையும், வேறு பல நாடுகளில் வசதியையும் புகைப்பதையும் இணைக்கும் அந்தக் கோடு மங்கியோ தலைகீழாகவோ இருப்பதையும் விளக்க இந்த மாதிரி உதவும்.

ஆனால் இது மேற்கு நாடுகளின் சிகரெட்டைப் பார்த்து எழுதியது. பீடி இருக்கும் நாட்டில் ஏழைகள் கடைசிக் கட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே புகைக்கிறார்கள். சிகரெட்டுக்கு ஒரு கோடும் பீடிக்கு எதிர்க் கோடும் ஒரே ஊரில் இருக்கலாம். பீடியையும் சிகரெட்டையும் ஒன்றாகக் கூட்டி "புகைப்பவர்" என்று போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, வசதிக்கும் புகைப்பதற்கும் தொடர்பே இல்லை என்று கணினி சொல்லும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

- 14 வயதுப் பிள்ளைக்கு விடை தெரியுமா? தெரிந்தாலும் பக்கத்தில் நண்பன் உட்கார்ந்திருக்க, எழுதுமா?
- உங்கள் ஊரில் அந்தக் கேள்வி வசதியான வீட்டையும் வசதியில்லாத வீட்டையும் பிரித்துக் காட்டுமா?
- வேறு நாட்டு முடிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா?
- அது அளப்பது குடும்பத்தின் வசதியையா, பிள்ளையின் சொந்த வசதியையா?
- மறைமுகச் செலவு என்ன? வகுப்பு நேரம், அனுமதி, விடைகளைக் குறியீடாக மாற்றும் உழைப்பு, வெற்றாக விடப்படும் விடைகள்.

நான்காவதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அதற்கே அதிக எடை கொடுக்கிறேன்.

## பெற்றோரின் படிப்பும் வேலையும்

பழைய, மதிப்புள்ள வழி. அமெரிக்காவில் 1975 முதல் நடக்கும் 'மானிட்டரிங் த ஃபியூச்சர்' கணக்கெடுப்பு பெற்றோரின் படிப்பைத்தான் குடும்ப நிலைக்கு அளவாக வைத்துக்கொள்கிறது. இந்தியாவில் குப்புசாமி 1976-இல் நகர்ப்புறக் குடும்பங்களுக்காக அமைத்த ஸ்கேல், குடும்பத் தலைவரின் படிப்பு, வேலை, குடும்ப வருமானம் மூன்றையும் சேர்த்து 3 முதல் 29 வரை மதிப்பெண் தருகிறது. கிராமத்துக்கு உதய் பரீக் ஸ்கேல். தலைக்கு எவ்வளவு வருமானம் என்று பார்ப்பதற்கு பி.ஜி. பிரசாத் வகைப்பாடு. மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகளில் இவை இல்லாமல் இருக்காது.

இவை எல்லாம் பெரியவர்களிடம் கேட்பதற்காக ஆனவை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பாவின் மாத வருமானம் தெரியாது. பல வீடுகளில் அம்மாவுக்கே தெரியாது. வருமானத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் கேட்டால் "பிசினஸ்", "கம்பெனி", "கூலி", "பிரைவேட்" என்று எழுதித் தருவார்கள். திருப்பூரில் "பிசினஸ்" என்று எழுதிய பிள்ளையின் அப்பா பனியன் கம்பெனி முதலாளியாகவும் இருக்கலாம், கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். இந்த விடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வகைப்படுத்த உட்காரும்போதுதான் உண்மையான செலவு தெரியும். இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தி ஒப்பிட வேண்டும், அதற்கு நாள் கணக்கில் ஆகும்.

இதைவிடப் பெரிய இழப்பு வெற்றிடங்கள். அப்பா இறந்துவிட்ட, பிரிந்துபோன, வேலையில்லாத வீட்டுப் பிள்ளைகளே அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். ஆய்வுக்கு மிகவும் தேவைப்படும் பிள்ளைகள் இவர்கள். அப்புறம், யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் அப்பாவின் வேலை ஒன்றாக இருக்கும், வீட்டுச் செலவு டொராண்டோவிலிருந்து சித்தப்பா அனுப்பும் பணத்தில் நடக்கும். வேலையைக் கேட்டால் அந்தப் பணம் எங்கேயும் பதிவாகாது.

பெற்றோரையும் நேரில் சந்திக்கப்போகும் ஆய்வானால் இதை எடுக்கலாம். படிப்பை மட்டும் தனியாகக் கேட்பதும் பயனுள்ளதே: "அம்மா எதுவரை படித்தார்?" என்பதற்குப் பிள்ளைகள் ஓரளவு சரியாகவே விடை தருகிறார்கள், வகைப்படுத்துவதும் சுலபம்.

## வீட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியல்

மேலே சொன்ன சிரமங்களால்தான் இது பிறந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவோடு சேர்ந்து, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நடக்கும் கணக்கெடுப்பை எச்பிஎஸ்சி என்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே ஆய்வாளர்கள் தொடங்கியது. 2021-22 சுற்றில் 44 நாடுகளும் பகுதிகளும் கலந்துகொண்டன. ஸ்காட்லாந்தில் 1990-களில் கேண்டஸ் கரி குழுவினர் உருவாக்கிய குடும்ப வசதி அளவுகோலை இந்தக் கணக்கெடுப்பு வளர்த்தெடுத்தது. இப்போதைய வடிவத்தில் ஆறு கேள்விகள்: கார், தனிப் படுக்கையறை, கணினிகளின் எண்ணிக்கை, குளியலறைகளின் எண்ணிக்கை, பாத்திரம் கழுவும் இயந்திரம், கடந்த ஆண்டு குடும்பத்தோடு போன வெளிநாட்டுச் சுற்றுலா. மொத்தம் 0 முதல் 13 வரை.

பிள்ளைக்கு விடை தெரியும், எழுதக் கூச்சம் குறைவு, வெற்றிடம் குறைவு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நாடுகளை ஒப்பிடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஐந்து விஷயங்களில் நான்கில் இதற்கு நல்ல மதிப்பெண்.

இடிக்கும் இடம் இரண்டாவது விஷயம். பொருள் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டால் அது பிரித்துக் காட்டாது. ஐரோப்பாவில் கணினிக்கு இது நடந்தது, அதனால்தான் பட்டியலை மாற்றிக்கொண்டே வருகிறார்கள். கார் வேறு மாதிரிச் சிக்கல். ஆம்ஸ்டர்டாம் நடுவில் வசதியான குடும்பம் சைக்கிளோடு நிறுத்திக்கொள்ளும், நாட்டுப்புறத்தில் வசதி குறைந்த குடும்பமும் பழைய கார் வைத்திருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலை அப்படியே அச்சடித்துக் கொடுப்பதில் அர்த்தமில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரமும் வெளிநாட்டுச் சுற்றுலாவும் பெரும்பாலோருக்குப் பூஜ்யம். சரி, நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம் என்று டிவி, மிக்ஸி, ஃபேன், லேப்டாப், சைக்கிள் என்று போட்டால் இன்னொரு பள்ளம். 2006-க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேல்நிலை வகுப்பில் லேப்டாப்பும் சைக்கிளும் போய்ச் சேர்ந்தன. அதாவது இந்தப் பொருள்கள் ஏழை வீட்டில் இருப்பது அரசின் தயவால். அவற்றை வைத்து வசதியை அளந்தால் கணக்கு திரிந்துவிடும். எனக்குச் சரியாகப் படும் பட்டியல்: சொந்த வீடா வாடகையா, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, இரு சக்கர வாகனங்களின் எண்ணிக்கை, கார், படிப்பதற்குத் தனி அறை. இதையும் முதலில் ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்து, பத்தில் ஒன்பது பேர் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்லும் பொருளைத் தூக்கிவிட வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பட்டியலை மாற்றிய கணமே உங்கள் மதிப்பெண்ணை ஸ்வீடன் மதிப்பெண்ணோடு நேராக வைத்துப் பார்க்க முடியாது. தப்பிக்க வழி, எச்பிஎஸ்சி அறிக்கைகளே செய்வதுபோல, நீங்கள் கணக்கெடுத்த பிள்ளைகளுக்குள்ளேயே வசதியில் கீழ் 20 சதவீதம், நடு 60, மேல் 20 என்று பிரித்துக்கொள்வது. அப்போது "அங்கே கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையே புகைப்பதில் எவ்வளவு இடைவெளி, இங்கே எவ்வளவு" என்று கேட்கலாம். நார்வேயில் கீழ்த்தட்டில் இருக்கும் வீடு வேறொரு நாட்டில் நடுத்தட்டைத் தாண்டிவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான்.

## பிள்ளையின் கையில் உள்ள பணம்

உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு 1999-இல் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து நடத்துவது, 13 முதல் 15 வயதுவரை. சராசரியாக ஒரு வாரத்தில் உன் விருப்பப்படி செலவு செய்ய எவ்வளவு பணம் கையில் இருக்கிறது என்று அதில் கேட்கிறார்கள். ஒரே கேள்வி, பிள்ளைக்குத் துல்லியமாக விடை தெரிந்த கேள்வி.

நியூசிலாந்து தனி விதிவிலக்கு அல்ல. பெல்ஜியத்தின் நாமூர், பின்லாந்தின் தாம்பெரே, ஜெர்மனியின் ஹானோவர், இத்தாலியின் லத்தீனா, நெதர்லாந்தின் ஆமெர்ஸ்ஃபோர்ட், போர்ச்சுகலின் கோயிம்ப்ரா ஆகிய ஆறு நகரங்களில் 2013-இல் நடந்த சில்னே ஆய்விலும் கையில் பணம் அதிகமுள்ள பிள்ளைகள் அதிகம் புகைப்பது தெரிந்தது. ஸ்காட்லாந்திலும் சொந்தப் பணத்தையும் பெற்றோரின் வகுப்பையும் தனித்தனியாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் மாயம் எதுவுமில்லை. சிகரெட் வாங்கக் காசு வேண்டும், அந்தக் காசு அப்பாவின் வங்கிக் கணக்கில் இருந்து பயனில்லை. வசதியான வீட்டில் கண்டிப்பான அம்மா பிள்ளையின் கையில் பத்து ரூபாய்கூடத் தராமல் இருக்கலாம். தினக்கூலி வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறி, தானே சம்பாதித்த பணத்தோடு திரும்பலாம். அவன் கையில்தான் அன்றைக்குக் காசு அதிகம்.

நாட்டுக்கு நாடு இந்தக் கேள்வியின் எடை மாறுவதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 புகையிலைப் பொருள் ஆணைப்படி 20-க்குக் குறைவான சிகரெட் கொண்ட பாக்கெட்டை விற்க முடியாது. அங்கே பழக்கத்துக்குள் நுழைய முழு பாக்கெட்டின் விலை வேண்டும், அல்லது நண்பனிடம் கேட்க வேண்டும். இந்தியாவில் பெட்டிக்கடையில் ஒற்றையாக வாங்கலாம், பீடி அதைவிட மலிவு. நுழைவுக் கட்டணம் இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில், பாக்கெட் மணி கொஞ்சமாக இருப்பது பெரிய தடையாக இருக்காது.

மறைமுகச் செலவுகள் மூன்று. ஒன்று, நம் வீடுகளில் வாரம் இவ்வளவு என்று கொடுக்கும் வழக்கம் குறைவு. பஸ் காசில் மிச்சம், கடைக்குப் போனதில் மீதி, மாமா வந்தபோது திணித்த நூறு, பொங்கல் காசு என்று சிதறி வருகிறது. "சராசரி வாரம்" என்றால் பிள்ளை விழிக்கும். "கடந்த ஏழு நாட்களில்" என்று கேளுங்கள், பண்டிகை வாரத்தைத் தவிருங்கள். இரண்டு, கொடுத்த பணமும் சம்பாதித்த பணமும் வேறு வேறு. இரண்டு தனிக் கேள்விகளாகப் போட வேண்டும். மூன்று, காரணம் எது, விளைவு எது என்ற குழப்பம். சிகரெட்டுக்காகவே பகுதிநேர வேலைக்குப் போகும் பையனும் இருக்கிறான். ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பில் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

விலை, வரி, ஒற்றை விற்பனை, பள்ளிக்கு அருகே கடை என்று எதையாவது ஆராய்பவருக்கு இதுதான் சரியான அளவுகோல். ஆனால் இதற்குக் "குடும்ப வசதி" என்று பெயர் வைக்காதீர்கள்.

## "உங்கள் வீடு வசதியானதா?" என்று நேரடியாகக் கேட்பது

ஒரே வரியில் கேட்டுவிடலாம்: மிகவும் வசதி, வசதி, நடுத்தரம், வசதி குறைவு, மிகவும் குறைவு. படம் போட்டும் கேட்கலாம். பத்துப் படிகள் உள்ள ஏணியைக் காட்டி, உன் குடும்பம் எந்தப் படியில் என்று கேட்கும் முறையை 2001-இல் அமெரிக்காவில் பதின்வயதினருக்கென்று வடிவமைத்தார்கள். அதில் இரண்டாவது ஏணி ஒன்றும் உண்டு: பள்ளிக்குள் நீ எந்தப் படியில் இருக்கிறாய்?

முதல் ஏணியில் பெரும்பாலோர் நடுவில் போய் நிற்பார்கள். விலையுயர்ந்த பள்ளியில் படிக்கும் நடுத்தர வீட்டுப் பிள்ளை தன்னை ஏழை என்று நினைக்கும். அரசுப் பள்ளியில் கடை வைத்திருப்பவரின் பிள்ளை தன்னைப் பணக்காரன் என்று நினைக்கும். மனம் வாடிய பிள்ளை எல்லாவற்றையும் தாழ்வாகச் சொல்லும், அதே பிள்ளை புகைக்கவும் கூடும். அப்போது வசதிக்கும் புகைக்கும் தொடர்பு இருப்பதுபோல் தெரிவது உண்மையில் மனச்சோர்வின் நிழல்.

இரண்டாவது ஏணியை நான் மதிக்கிறேன். சில்னே நகரங்களில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளிடம் புகைப்பழக்கம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. 15 வயதில் பிள்ளை தனக்கென்று ஒரு நிலையைப் பள்ளிக்குள் உருவாக்கிக்கொள்கிறது. அது அப்பாவின் நிலையிலிருந்து விலகிப் போகலாம். ஆக, முதல் ஏணியைத் தனி அளவுகோலாக நம்ப வேண்டாம். இடமிருந்தால் இரண்டையும் துணைக் கேள்வியாகச் சேர்க்கலாம்.

## பள்ளியை வைத்து முடிவு செய்வது

பிள்ளையிடம் எதையும் கேட்காமலே அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரித்துவிடுவது. செலவே இல்லை. சென்னையிலும் டெல்லியிலும் 32 பள்ளிகளில் 2004-இல் தொடங்கிய 'மைத்ரி' ஆய்வில் இரு வகைப் பள்ளிகளும் இருந்தன. பள்ளி வகையையே வசதியின் அடையாளமாக வைத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வில் ஆறாம் வகுப்பில் 24.8 சதவீதமும் எட்டாம் வகுப்பில் 9.3 சதவீதமும் ஏதாவது ஒரு புகையிலையைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். வயது குறைந்தவர்களிடம் அதிகம் என்ற இந்த முடிவு அப்போது பலரையும் திகைக்க வைத்தது.

ஆனால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் அரசு, உதவி பெறும், மெட்ரிக், சிபிஎஸ்இ என்று நாலு வகை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள் வழியாகத் தனியார் பள்ளிக்குள் வசதி குறைந்த பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். கடன் வாங்கி ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்த கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சொல்லவே வேண்டாம். இங்கிலாந்தில் மேல்நிலைப் பள்ளியில் இலவச மதிய உணவு பெறுவது வறுமையின் அடையாளமாகப் பயன்படுகிறது, ஏனென்றால் அது வருமானம் பார்த்துத் தரப்படுகிறது. சத்துணவு அப்படியல்லாததால் அந்தக் குறுக்குவழியும் நமக்கு இல்லை.

## வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்புத் தரவு

தேசியக் குடும்ப நல ஆய்வு போன்றவற்றில் சொத்துக் குறியீடு ஏற்கெனவே கணக்கிடப்பட்டு இருக்கிறது. வீட்டுப் பொருள்களை வைத்து வசதியை மதிப்பிடும் இந்த முறையை ஃபில்மரும் பிரிட்செட்டும் 2001-இல் பரப்பியபோது பயன்படுத்தியதே இந்தியத் தரவுதான். நீங்கள் களத்துக்கே போக வேண்டாம், தரவை இறக்கிக்கொள்ளலாம், பல நாடுகளில் இதே அமைப்பு. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளும் இதில் உண்டு. மற்ற எந்த வழிக்கும் இல்லாத பலம்.

விலை என்னவென்றால், தனிநபர் கேள்விகள் 15 வயதிலிருந்துதான். 13, 14 கிடையாது. வீட்டில் வைத்துக் கேட்கும்போது பிள்ளை புகைப்பதை ஒப்புக்கொள்வது பள்ளியில் எழுதித் தருவதைவிடக் குறைவு. அப்புறம், சொத்துக் குறியீட்டை வைத்துக் குடும்பங்களைப் பிரிக்கும் ஐந்து பிரிவுகள் நாடு முழுவதற்கும் சேர்த்துப் போடப்பட்டவை. தமிழ்நாட்டில் மிகவும் ஏழைகளுக்கான கடைசிப் பிரிவில் விழும் குடும்பங்கள் மிகக் குறைவு. மாநிலத்துக்குள் பிரித்துப் பார்க்க மறுபடியும் கணக்கிட வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | 14 வயதில் விடை தெரியுமா | நம் ஊரில் பிரித்துக் காட்டுமா | நாடுகளை ஒப்பிட | யாருடைய வசதி | முக்கிய மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| பெற்றோர் படிப்பு | ஓரளவு | ஆம் | முடியும் | குடும்பம் | ஒற்றைப் பெற்றோர் வீடுகளில் வெற்றிடம் |
| பெற்றோர் வேலை, வருமானம் | பெரும்பாலும் இல்லை | விடை கிடைத்தால் | கடினம் | குடும்பம் | வகைப்படுத்தும் உழைப்பு |
| பொருள் பட்டியல் | ஆம் | மாற்றி அமைத்தால் | தட்டு வாரியாக | குடும்பம் | முன்சோதனை, இலவசப் பொருள்கள் |
| கையிலுள்ள பணம் | ஆம் | ஆம் | நாணயமும் விலையும் பார்த்து | பிள்ளை | காரணமா விளைவா என்ற குழப்பம் |
| ஏணி | ஆம் | நடுவில் குவியும் | சந்தேகம் | மனத்தில் உள்ள நிலை | மனநிலையின் சாயல் |
| பள்ளி வகை | கேட்கத் தேவையில்லை | தோராயமாக | இல்லை | பள்ளி | கலப்பு மறைந்துபோகும் |
| வீட்டுக் கணக்கெடுப்பு | பெரியவர் சொல்வார் | மறுகணக்கிட்டால் | நன்றாக | குடும்பம் | புகைப்பதைக் குறைத்துச் சொல்வது |

## யாருக்கு எது

பள்ளியில் ஆய்வு செய்யும் பட்டமேற்படிப்பு மாணவருக்கு என் பரிந்துரை: மாற்றி அமைத்த பொருள் பட்டியல், அம்மாவின் படிப்பு, கையிலுள்ள பணம். மூன்றையும் கேளுங்கள், மூன்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டாதீர்கள். பகுப்பாய்வில் தனித்தனியாக உள்ளே விடுங்கள். வசதி குறைந்த வீட்டில், கையில் பணம் அதிகமுள்ள பிள்ளைகள் தனிக் கூட்டமாகத் தெரிகிறார்களா என்று பாருங்கள். கைடு குப்புசாமி ஸ்கேல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாள் கொடுத்து நிரப்பி வாங்கும் வழியைச் சொல்லிப் பாருங்கள். எல்லாத் தாளும் திரும்பி வராது, அதையும் சொல்லிவிடுங்கள்.

பல நாட்டுத் தரவை எடுத்து எழுதுபவர் புதிதாக எதையும் கேட்கப்போவதில்லை. அந்தத் தரவில் எது இருக்கிறதோ அதுதான். ஐரோப்பா என்றால் பொருள் பட்டியல், இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு என்றால் கைப்பணம். இந்த இரண்டு வகைக் கட்டுரைகளின் முடிவுகளை ஒரே அட்டவணையில் அடுக்கி "ஐரோப்பாவில் ஏழைகள், ஆசியாவில் பணக்காரர்கள்" என்று எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். அது நாடுகளின் வேறுபாடாக இருக்கலாம், கேள்விகளின் வேறுபாடாகவும் இருக்கலாம். ஒரே நாட்டுப் பிள்ளைகளிடம்கூட அளவுகோல் ஒத்துப்போவதில்லை: 28 நாடுகளின் எச்பிஎஸ்சி தரவில் பெற்றோரின் வேலையையும் வீட்டு வசதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த 2009 ஆய்வு ஒன்றிலேயே, இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்கவில்லை.

ஒரு வட்டாரத்தில் வேலை செய்யும் சிறு அமைப்புக்கு, எந்தப் பள்ளியில் முதலில் போவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது என்றால், பள்ளி வகையே போதும். அதற்குமேல் வினாத்தாள் அடித்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

## எந்த வழியை எடுத்தாலும் மிச்சமிருக்கும் தொல்லைகள்

பள்ளியில் எடுக்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் இடைநின்ற பிள்ளைகள் இல்லை. வசதி குறைந்தவர்களில் பள்ளியில் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே உங்கள் கணக்கெடுப்பில் இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்கும் நாட்டையும், பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்ட நாட்டையும் ஒப்பிட்டால், இரண்டாவது நாட்டில் ஏழைகள் குறைவாகப் புகைப்பதுபோல் தோன்றும்.

அடுத்தது, எதைப் "புகைப்பது" என்கிறோம் என்பது. இந்தியாவின் 2019 இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் ஏதாவது ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்தினார்கள். சிகரெட் புகைத்தவர்கள் 2.6 சதவீதம்தான். சிகரெட்டை மட்டும் கேட்டால் பெரும்பகுதி கைநழுவிவிடும். பீடி, வாயில் அடக்கும் புகையிலையான ஹான்ஸ், கூல் லிப் என்று பிள்ளைகள் சொல்லும் பெயரிலேயே தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஐரோப்பாவோடு ஒப்பிடுபவருக்கு இன்னொரு சிக்கல்: 2021-22 எச்பிஎஸ்சி சுற்றில் 15 வயதினரில் 20 சதவீதம் கடந்த 30 நாட்களில் மின்சிகரெட் பிடித்திருந்தார்கள். இந்தியாவில் 2019 முதல் அதன் விற்பனைக்கே தடை. அங்கே சிகரெட் குறைந்தது என்ற கோட்டுக்குப் பின்னால் மின்சிகரெட் இருக்கிறதா என்று பார்க்காமல் வசதியைப் பற்றிப் பேச முடியாது.

அனுமதியும் செலவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி பெற்றோரின் ஒப்புதலோடு, 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். கையெழுத்திட்ட தாள் திரும்பி வராத பிள்ளைகள், பெரும்பாலும் நீங்கள் தேடும் பிள்ளைகளே. எத்திக்ஸ் கமிட்டியிடம் இதை முன்கூட்டியே பேசி, தாள் திரும்பாத எண்ணிக்கையை வகுப்புவாரியாகக் குறித்து வையுங்கள்.

வினாத்தாளில் புகைப்பதைப் பற்றிய கேள்விகள் முதலில், வீட்டு வசதி கடைசியில். பெயர், பதிவெண் எதுவும் வேண்டாம். நிரப்பும் நேரத்தில் வகுப்பாசிரியர் அறைக்கு வெளியே இருக்கட்டும். தாளை அவர் கையில் கொடுக்கச் சொல்லாமல், பிள்ளைகளே பெட்டியில் போடும்படி செய்யுங்கள். கைப்பணக் கேள்விக்கு விடைக் கட்டங்களை ரூபாயில் 0, 1–20, 21–50, 51–100, 100-க்கு மேல் என்று வைக்கலாம். உங்கள் ஊரில் ஒற்றைச் சிகரெட் என்ன விலை என்று அன்றைக்கே பக்கத்துக் கடையில் விசாரித்து, 0-க்கு அடுத்த இரண்டு கட்டங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.